விருந்துமண்ணைத் தொட்ட கை

மழை பொய்யாமல் பெய்க. பெய்த மழை தன் வழியே போகுக. போன வழியெல்லாம் பயிர் விளைக.

கொன்றைமூதூர் அரண்மனையில் வீற்றிருந்து தண்கொன்றை நாடு ஆள்பவரும், ஏழ்நாட்டுக் கூட்டின் தலைமைச் செங்கோல் தாங்கியவரும், பகைத்தவர்க்கும் படியளக்கும் பெருமனத்தாருமாகிய உடையபிராட்டி கோதைமாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, கல்முகை நாட்டின் காவலரும், குன்று பல உடைய கோமானும், சென்ற பெருவிழாவின் தேரோட்டத்தில் வெற்றிமாலை சூடியவருமாகிய விடங்கப் பேரரையர் காண விடுக்கும் ஓலை. உமது மலையும் சுனையும் நலமா? உமது தேவியும் மக்களும் குதிரைகளும் நலமா? இங்கு ஒருவர் நீங்கலாக யாவரும் நலம். அந்த ஒருவரைப் பற்றியதே இவ்வோலை.

உமது தூதர் கொண்டுவந்த ஓலை அவையில் வாசிக்கப்பட்டது. கல்முகை நாட்டு விருந்துமண் வெள்ளத்தில் போனதற்கு ஈடாக, அதில் மண்வெட்டி வைத்தவரின் வலக்கையை முறைப்படி உம்மிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று நீர் கேட்டிருந்தீர். கேட்பது உமது உரிமை. விருந்துமண்ணில் வெட்டு வைத்த கை மண்ணுடையாரைச் சேரும் என்பது ஏழ்நாடும் ஒப்பிய முறை. விழா நிறைந்தபின் மாதேவியாரே அதை முரசறைந்து சொல்லச் செய்தார். ஆகவே கேட்டது கிடைக்கும். ஆயினும் அது யாருடைய கை, என்ன செய்த கை என்று அறியாமல் வாங்கிக்கொள்வது உமது பெருமைக்கு அழகன்று என்பதால், நடந்ததை ஒளிக்காமல், பேசியவர் பேசியபடியே எழுதுக என்று மாதேவியார் பணித்தார். அப்படியே எழுதப்படுகிறது.

கைக்கு உரியவர் பெயர் காரி நன்னாகனார். மூதூரின் மனைவகுப்பு அதிகாரி. எந்தத் தெரு எங்கே திரும்பவேண்டும், எந்த மனை எக்குடிக்கு என்று கயிறு பிடித்துக் கோடு கிழிப்பவர். இயல்பிலேயே பயந்த மனிதர். யானை வரும் தெருவில் போகமாட்டார். யானை போய்விட்ட தெருவிலும் சற்றுப் பொறுத்தே போவார். அவையில் யாரேனும் பெயர் சொல்லி அழைத்தால் முதலில் ஒரு தும்மல் போடுவார், பிறகுதான் பேச்சு வரும். அவரைக் கேலி பேசாத வாய் அரண்மனையில் இல்லை. ஆயினும் அவர் வகுத்த தெருக்களில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றதாக ஒரு வழக்கும் அவைக்கு வந்ததில்லை.

ஏழ்நாட்டு விளையாட்டுப் பெருவிழா எங்கள் முறைக்கு வந்தபோது, கீழைவாயிலை ஒட்டிய நாரையேரியைத் தூர்த்துப் பொருகளம் எழுப்பினோம் என்பதை நீர் அறிவீர். ஏரிக்கரையில் இருந்த பாய் முடைவோரும் சாயம் காய்ச்சுவோரும் மதிலுக்கு வெளியே பொட்டலில் குடிசை போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. விழாவும் நடந்தது, மல்லர் மோதினர், தேர்கள் பறந்தன, படிவரிசைகளில் உட்கார்ந்து கத்திய கத்தலில் ஊரார் தொண்டை கட்டிப்போயிற்று. பிறகு ஏழ்நாட்டாரும் போய்விட்டார்கள். அதன்பின் அந்த இடத்தைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. படிவரிசையில் ஆடு ஏறிற்று. குதிரைக் கொட்டிலில் கள்ளுண்டவர்கள் கிடந்தார்கள். பொழுது சாய்ந்தால் பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

இது தகாது என்று கண்ட மாதேவியார், பொருகளத்தை ஒரு சேரியாக்கி, பொட்டலுக்குப் போனவர்களை மீண்டும் அங்கேயே குடியேற்றுக என்று நன்னாகனாருக்கு ஆணையிட்டார். அவரும் நன்றாகவே செய்தார். தேர்ப்பாதை கடைத்தெருவாயிற்று. கொட்டில்கள் வீடுகளாயின. மேல்படிகளின் அடியில் இருந்த அறைகளில் தறியும் சாயத்தொட்டியும் வந்தன. மல்லர் களமே நடுமுற்றம். நடந்து பார்த்த மாதேவியார் மகிழ்ந்து அவருக்கு ஒரு பட்டு மேலாடை தந்தார். அதை வாங்கும்போதும் அவர் தும்மினார்.

மனை வகுப்பவன் தன் குடும்பத்தோடு அந்த மனைகளில் மிகத் தாழ்ந்ததில் முதல் மழைக்காலத்தைக் கழிக்கவேண்டும் என்பது எங்கள் நாட்டு வழக்கம். முதற்குடி என்பார்கள். பிறர் தலைமேல் கூரை போடுகிறவன் தன் தலையையும் அதே கூரையின் கீழ் வைக்கட்டும் என்று முன்னோர் வைத்த ஏற்பாடு. நன்னாகனாரும் மனைவி நங்கைச்சாத்தியையும், பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள் பொன்னங்கையையும் அழைத்துக்கொண்டு, களத்தின் அடியில் இருந்த பழைய கொட்டில் வீட்டில் குடியேறினார். பேரனும் அங்கேதான் பிறந்தான்.

இனி விருந்துமண். விழாவுக்கு வரும் நாடு ஒவ்வொன்றும் தன் மண்ணில் ஒரு கூடை கொண்டுவந்து களத்தில் இடவேண்டும், எல்லா மல்லரும் எல்லார் மண்ணிலும் விழட்டும் என்பது முறை. ஆனால் ஒரு கூடையோடு நிறுத்த எந்த அரசருக்கு மனம் வந்தது? ஒருவர் ஒரு வண்டி அனுப்பினார் என்று கேட்டு இன்னொருவர் பத்து வண்டி அனுப்பினார். நீர் அனுப்பிய வண்டிகளின் முதல் வண்டி எங்கள் கோட்டைக்குள் நுழைந்தபோது கடைசி வண்டி இன்னும் உமது மலையிறக்கத்தில் இருந்ததாக ஊரில் பேச்சு. விழா முடிந்து பார்த்தால் மண் ஒரு குன்றாகக் கிடந்தது. அதைக் கொட்டிவிடக்கூடாது, மிதிக்கக்கூடாது, வெட்டக்கூடாது. விருந்தாளியை அவமதித்ததாகும், அரசர்க்குள் பகை மூளும்.

வீடு கட்டக் களம் வெறுமையாக வேண்டும். ஆள் நடக்காத, மாடு போகாத ஒரு தூய இடத்தைத் தேடிய நன்னாகனார், ஏரியின் கீழ்க்கரையில் பழைய கலிங்கு வாயைக் கண்டார். ஏரி நிறைந்தால் மிகுநீர் வழிந்து ஆற்றுக்குப் போகும் வழி அது. ஏரியே இல்லையென்று ஆனபின் கலிங்குக்கு என்ன வேலை என்று அவர் எண்ணினார். அவர் மட்டுமா, மூதூரே அப்படித்தான் எண்ணிற்று. மூங்கில் பலகையில் ஏந்தி, மேளம் முழங்க, ஒரு நாட்டு மண்மேல் இன்னொரு நாட்டு மண் கலவாமல் அடுக்கடுக்காக வைத்து, மேலே ஆறு கொடிகள் நட்டு விளக்கேற்றினார்கள். முதலில் வந்தது உமது மண் என்பதால் உமது செம்மண்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அன்றுதான் முரசும் அறையப்பட்டது.

ஐப்பசி பிறந்தது. மூதூரில் இன்னும் மழை இல்லை. மேற்கு மலையில் மட்டும் கறுத்துக்கொண்டு பெய்ததாகச் சொன்னார்கள். ஒருநாள் காலை பொன்னங்கை அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்களேன். அடுப்புக்குள்ள தவளை."

நன்னாகனார் போய்ப் பார்த்தார். சாம்பல் ஈரமாக இருந்தது. தவளையை வெளியே விட்டுவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். நீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. நடுமுற்றத்துக்குப் போனார். மல்லர் களத்தின் காய்ந்த தரையில் ஈரம் ஒரு வளைவாகக் கசிந்து வந்திருந்தது. அந்த வளைவை அவர் அறிவார். ஏரியைத் தூர்க்குமுன் அவரே கயிறு பிடித்து அளந்த நாரையேரியின் கரை அது. ஏரி தன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது வெளியேறும் வாயின் மேல் ஆறு அரசர்களின் கொடிகள் பறந்துகொண்டிருந்தன.

அன்று தொடங்கியது அச்சம். அரையரே, அச்சம் என்று எழுதிவிடுவது எளிது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேரனைத் தொட்டிலில் போட்டால் தொட்டில் கயிற்றைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவார். மறுநாள் இன்னும் கொஞ்சம் உயர்த்துவார். குழந்தை உத்தரத்துக்கே போய்விடுவான் என்று பொன்னங்கை சிரித்தாள். தெருவில் பாய் முடைவோர் வணங்கினால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிவார். இவர்களை இங்கே கூட்டிவந்தது நான் அல்லவா என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் கேட்டதாகப் பின்னர் அவரே சொன்னார். மண்ணை எடுத்தால் கை போகும், ஆறு நாடுகளோடு பகை வரும். எடுக்காவிட்டால் சேரி மூழ்கும். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது?

மாதேவியாரிடம் சொல்லத்தான் வந்தார். அரியணைக்கு முன் வந்து நின்று, தும்மி, வியர்த்து, வாயைத் திறந்து, ஓடுகள் சில உடைந்துவிட்டன, புது ஓடு வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஓட்டுக்காக ஒரு மனிதர் இப்படி வியர்ப்பாரா என்று மாதேவியார் கேட்டதும் உண்டு. மீண்டும் வந்தார். வாயில்காவலர் நலம் விசாரித்ததற்கே மிரண்டு திரும்பிவிட்டார்.

பிறகு மழை மூதூருக்கும் வந்தது. பொழுது விடிந்தும் விடியாததுபோல் வானம் இருந்தது. உச்சிப்பொழுதுக்குள் நடுமுற்றம் குளமாயிற்று. தாழ்ந்த வீடுகளில் பாயும் பானையும் மிதந்தன. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படிவரிசைகளில் ஏறினார்கள். விழாவன்று உட்கார்ந்து ஆரவாரித்த அதே படிகள். நீர் ஒரு படி ஏறும். அவர்களும் ஒரு படி ஏறுவார்கள். மேலே இன்னும் சில படிகளே இருந்தன. அதற்குமேல் மதில், மதிலுக்கு அப்பால் செங்குத்தான அகழி. பொன்னங்கை குழந்தையைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

நன்னாகனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைமேல் ஓடினார். ஓடியவர் கொடிகளுக்கு முன்னால் நின்றுவிட்டார். மண்வெட்டியை ஓங்கினார்; கை நடுங்கிற்று; கீழே வைத்தார். மறுபடி ஓங்கினார். பின்னாலேயே நங்கைச்சாத்தி நனைந்துகொண்டு வந்து நின்றாள். அவர்கள் பேசியதைப் பக்கத்தில் நின்ற பாய் முடைவோர் கேட்டிருக்கிறார்கள். அதை அவர்கள் சொன்னபடியே எழுதுகிறோம்.

"தொட்டா கை போயிடும் சாத்தி. ராசாக்கள் மண்ணு. தூக்கிக் கொட்டினா அவமரியாதை, சண்டை வரும்."

"யார் கொட்டச் சொன்னா? விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு மழையில வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கோம். உள்ள கூட்டிட்டுப் போனா யார் கோவிச்சுக்குவாங்க? நீங்க வெட்டிக் குடுங்க. ஆளுக்கொரு கூடையா வீட்டுக்குக் கொண்டு போறோம்."

"கை?"

"போனா போகுது. நான் ஊட்டறேன்."

அதன்பின் அவர் வெட்டினார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வேறு எவரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது, வெட்டுவது தம் கை ஒன்றாகவே இருக்கவேண்டும், ஏந்துகிறவர்கள் ஏந்தினால் போதும். இளைஞர்கள் பிடுங்க வந்தபோது, தும்மலுக்குப் பேர்போன அந்த மனிதர் கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தினார். முறம், கூடை, சோற்றுப்பானை, சாயத்தொட்டி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கொண்டு சேரியே வரிசை கட்டி நின்றது. கரிசலைச் சாயக்காரர் வாங்கினர். வெண்மணலைப் பாய் முடைவோர் வாங்கினர். கலக்காமல், சிந்தாமல், மேல்படி அறைகளுக்குள் கொண்டுபோய், வீட்டுக்கு ஒரு மூலையில் வைத்து, வாருங்கள் என்று சொல்லிக் கும்பிட்டார்கள். வெள்ளம் முழங்காலைத் தொடும்போதும் அதைச் சொல்லத் தவறவில்லை. ஐந்து நாட்டு மண்ணும் இவ்வாறு வீடு புகுந்தது.

அடியில் உமது செம்மண் தெரிந்தது. ஏறக்குறைய அப்போதே கரை உறுமிற்று. நன்னாகனார் கையை விரித்து எல்லாரையும் பின்னுக்குத் தள்ளினார். செம்மண்ணை நீர் தானே அறுத்துக்கொண்டு கலிங்கு வாயைத் திறந்தது. தம் மண்வெட்டி வெள்ளத்தோடு போக, அவர் குப்புற விழுந்து, போகிற மண்ணை வலக்கையால் பிடித்தார். மகன் ஒருவன் கிணற்றில் விழும்போது தகப்பன் பிடிப்பதுபோல் பிடித்தார் என்று கண்டவர்கள் சொன்னார்கள். கால்களைப் பிடித்து இழுத்துக் கரையேற்றியபோது அவர் கைக்குள் ஒரு பிடி இருந்தது. உமது மண்ணில் எஞ்சியது அவ்வளவே. பொழுது சாயுமுன் நீர் படிப்படியாக இறங்கிற்று. சில ஆடுகளும் நிறையப் பானைகளும் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை. மாதேவியார் மதில்மேல் நனைந்தபடி நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். உமது தூதரும் பார்த்தார். பார்த்ததில் பாதியை உமக்கு எழுதினார்.

உமது ஓலை வந்த நாள் முதல் நன்னாகனார் வலக்கையைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருக்கிறார். உள்ளே அந்தப் பிடிமண் இருக்கிறது. இடக்கையால் வேட்டி கட்டப் பழகுகிறார். இடக்கையால் கோடு கிழித்துப் பார்க்கிறார், கோடு கோணுகிறது. இடக்கையால் உண்ண மனம் வராமல் இலைமுன் உட்கார்ந்திருப்பாராம். நங்கைச்சாத்தி வந்து ஊட்டிவிடுவாளாம். அவையில் வந்து அவர் வேண்டிக்கொண்டது ஒன்றே: வெட்டுவதாக இருந்தால் மழை முடிந்தபின் வெட்ட அருள்செய்ய வேண்டும், மழைநாளில் புண் ஆறாது என்று கேள்வி, என்றார். அதைக் கேட்டு அவையில் ஒருவரும் கேலி பேசவில்லை.

ஆகவே மாதேவியாரின் ஆணை இது. காரி நன்னாகனாரின் வலக்கையை முறைப்படி உமக்குத் தந்தோம். அந்தக் கை உம்மைச் சேரவேண்டும் என்று முறை சொல்கிறது. உடலை விட்டுப் பிரிந்து சேரவேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. முறை அறிந்த மூத்தோரைக் கேட்டாயிற்று, அவர்களும் ஒப்பினர். ஆதலால் கை வருகிறது. கையோடு ஆளும் வருகிறார். இன்று முதல் அது கல்முகை நாட்டின் உடைமை. தம் உடைமையைத் தாமே சேதப்படுத்தும் அரசர் அல்லர் நீர்.

அடுத்த பெருவிழா உமது முறை. தாழைப்பள்ளத்துச் சுனையைத் தூர்த்துக் களம் எடுக்கப்போகிறீர் என்று கேள்விப்பட்டோம். அங்கே இந்தக் கை கயிறு பிடிக்கட்டும். அது எந்த இடத்தில் நடுங்குகிறதோ அந்த இடத்தில் உமது ஆட்கள் கடைக்கால் தோண்டாதிருக்கக் கடவர். அச்சம் அறியாத அதிகாரிகள் எங்களிடம் நிறைய உண்டு. ஏரியைத் தூர்க்கலாம் என்று அவையில் உரக்கச் சொன்னவர்கள் அவர்களே. விருந்துமண் இனி நாட்டுக்கு ஒரு கூடை. அதற்குமேல் கொண்டுவரும் வண்டி எல்லையிலேயே திருப்பப்படும். விழா முடிந்து உமது களம் ஊராகும்போது, அதன் மிகத் தாழ்ந்த மனையில் நீரும் உமது தேவியும் முதற்குடியாக ஒரு மழைக்காலம் இருக்கவேண்டும். தொட்டிலை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்று நன்னாகனார் சொல்லித் தருவார். அந்த மழை கழிந்ததும் கையைக் கொடுத்தபடியே திருப்பி அனுப்புக.

இதையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினோம். தலையாட்டினார், நம்பவில்லை. இவ்வோலையைக் கொண்டுவருபவர் அவரே. உமது வாயிலில் தும்மல் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று அறிக. வலக்கைத் துணியை நீரே உமது கையால் அவிழ்த்து, உமது மண்ணை வாங்கிக்கொண்டு, அவரை உட்கார வைத்து, அந்தக் கையாலேயே அவர் உண்ணும்படி முதலில் சோறிடுக. பசியோடு இருப்பார். ஊட்ட ஆள் இல்லாமல் நெடுவழி வந்திருப்பார்.

இது உடையபிராட்டி திருவாய்மொழி. எழுதியவன் ஓலைநாயகம் கூத்தன் திருவடி. கொன்றைப்பூ முத்திரை இடப்பட்டது. முத்திரைக்குப் பக்கத்தில், உறைத்துணியின்மேல், செம்மண்ணில் தோய்த்து வைத்த கைப்பதிவு நன்னாகனாருடையது. பதிக்கும்போது நடுங்கியதால் சற்றுக் கலங்கியிருக்கும். அதேபோல் ஒரு பதிவை மாதேவியார் தம்மிடம் வைத்திருக்கிறார். கை திரும்பி வரும் நாளில் இரண்டையும் ஒப்பிட்டு, விரல்களைத் தாமே எண்ணி வாங்கிக்கொள்வார்.